ஒரு பாதிரியார், ஆறு தேவாலயங்கள்: இங்கிலாந்துக் கிராமத்துச் சபைகளைத் தாங்கி நிற்பவர்கள்

காலை ஒன்பதரை மணிக்கு ஒரு கிராமம், பதினொரு மணிக்கு இன்னொன்று, மாலை ஆறரைக்கு மூன்றாவது. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் பணியாற்றும் ஆங்கிலிக்கன் பாதிரியாரின் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் இப்படித்தான் கழிகிறது. ஒருவருடைய பொறுப்பில் ஆறு, எட்டு, சில இடங்களில் பத்துக்கும் அதிகமான தேவாலயங்கள் இருக்கின்றன. அவர் குடியிருக்கும் ஊரைத் தவிர மற்ற ஊர்க்காரர்கள் வார நாட்களில் அவரைப் பார்ப்பது அரிது. அப்படியிருந்தும் அந்த ஊர்களில் கதவு திறக்கிறது, விளக்கு எரிகிறது, மணி அடிக்கிறது. இதையெல்லாம் யார் செய்கிறார்கள் என்று பார்த்தால், அது ஏதோ தோட்டத்துக் கோயில் கதையைப் போலவே இருக்கிறது.

ஆங்கிலிக்கன் சபை இங்கிலாந்தின் சட்டப்படியான தேசியச் சபை. மன்னரே அதன் உச்ச ஆளுநர். அதனால் பாதிரியாருக்குச் சம்பளமும் கட்டடத்துக்குப் பராமரிப்புச் செலவும் அரசாங்கம் கொடுத்துவிடுகிறது என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்துக்காரர்களிலேயே பலருக்கும் அந்த எண்ணம் உண்டு. அது சரியல்ல.

ஒரு காலத்தில் ஊர் முழுவதும் தேவாலயத்துக்கு வரி கட்டியது. அந்தக் கட்டாய வரியை 1868ஆம் ஆண்டில் சட்டம் நீக்கியது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் தசமபாகம் 1836ஆம் ஆண்டில் பணமாக மாற்றப்பட்டு, 1936இல் அதற்கும் முடிவு கட்டப்பட்டது. இன்று கூரை ஒழுகினால் அந்தச் செலவு அந்த ஊர்ச் சபையின் தலையில்தான் விழும். பாதிரியாரின் ஊதியத்துக்காகவும் ஒவ்வொரு ஊரும் மறைமாவட்டத்துக்கு ஆண்டுதோறும் ஒரு பங்குத் தொகை அனுப்ப வேண்டும். சபையின் பழைய சொத்துகளிலிருந்து வரும் வருமானம் ஓரளவு கைகொடுக்கிறது. பழுதுபார்க்கும் மானியம் கிடைப்பதும் உண்டு, ஆனால் அதற்கு விண்ணப்பம் எழுதியே ஒருவர் களைத்துப் போவார். மற்றதெல்லாம் தட்டில் விழும் காணிக்கையும், கேக் விற்ற காசும், கோடைக்காலச் சந்தையில் பழைய புத்தகம் விற்ற காசும்தான்.

கட்டடங்களோ சாதாரணமானவை அல்ல. இங்கிலாந்துச் சபையிடம் ஏறக்குறைய 16,000 தேவாலயங்கள் இருக்கின்றன. அவற்றில் 12,000க்கும் மேற்பட்டவை பாதுகாக்கப்பட வேண்டிய மரபுச் சின்னங்களாகப் பட்டியலிடப்பட்டவை. நார்ஃபோக் என்ற ஒரு மாவட்டத்தில் மட்டும் இடைக்காலத்தில் கட்டப்பட்ட தேவாலயங்கள் 600க்கும் மேல் நிற்கின்றன. அன்றைக்குக் கம்பளி வியாபாரத்தில் செழித்த ஊர்கள் போட்டி போட்டுக்கொண்டு கோபுரம் எழுப்பின. இன்று அவற்றில் சில நடு வயலில் தன்னந்தனியாக நிற்கின்றன. ஊர் நகர்ந்துவிட்டது, கோயில் நகரவில்லை. ரப்பர் மரம் போய், லயம் போய், பிறகு கோயில் மட்டும் நின்ற காட்சியை மலேசியத் தோட்டப்புறங்களில் கண்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

எல்லைக்குள் இருப்பவர் எல்லாரும்

ஆங்கிலத்தில் பாரிஷ் எனப்படுவதைத் தமிழ் ஆங்கிலிக்கன் குடும்பங்கள் சேகரம் என்பார்கள். இங்கிலாந்தில் சேகரம் என்பது உறுப்பினர் பட்டியலைக் குறிப்பதில்லை, ஒரு நிலப்பரப்பைக் குறிக்கிறது. நாட்டின் ஒவ்வோர் அங்குலமும் ஏதாவது ஒரு சேகரத்துக்குள் வந்துவிடும். அந்த எல்லைக்குள் குடியிருப்பவர் தேவாலயத்துக்கு ஒருநாளும் வராதவராக இருக்கலாம், வேறு மதத்தவராகவும் இருக்கலாம். இருந்தாலும் பொதுவாக அங்கே திருமணம் செய்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. கல்லறைத் தோட்டத்தில் இடம் இருந்தால் அடக்கம் செய்யப்படும் உரிமையும் உண்டு.

இதைவிட வியப்பானது தேர்தல். ஒவ்வொரு சேகரத்துக்கும் சர்ச் வார்டன் என்று இரண்டு பேர் இருப்பார்கள். ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் கூட்டத்தில் அவர்களைத் தேர்ந்தெடுக்க, சபையின் பட்டியலில் உள்ளவர்கள் மட்டுமின்றி ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் வாக்களிக்கலாம். கோயிலுக்கே போகாதவர் கோயில் தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது விசித்திரமாகத் தோன்றும். அந்தத் தேவாலயம் ஊருக்கே பொது என்ற பழைய எண்ணம் சட்டத்தில் இன்னும் உயிரோடு இருப்பதுதான் காரணம்.

வார்டன் பதவி வெறும் மரியாதைக்கானது அல்ல. திருவிருந்துக் கிண்ணம், தட்டு, நாற்காலி, மேசை போன்ற அசையும் பொருட்கள் சட்டப்படி அவர்கள் பெயரில்தான் இருக்கின்றன. வழிபாட்டில் குழப்பம் செய்பவரை வெளியேற்றும் அதிகாரமும் உண்டு. பாதிரியார் மாறிப் போய்ப் புதியவர் வரும்வரை, பல மாதங்கள் ஆனாலும், வழிபாடு நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும் முக்கியமாக அவர்களே. தொடர்ந்து ஆறு ஆண்டுக்கு மேல் ஒருவர் பதவியில் இருக்கக் கூடாது என்பது விதி. ஆனால் கூட்டமே தீர்மானம் போட்டு அதைத் தளர்த்திக்கொள்ளலாம். பல கிராமங்களில் தளர்த்தாமல் வேறு வழியில்லை. அடுத்து யாரும் கை தூக்குவதில்லை.

கூரையில் ஓர் ஓட்டை விழுந்தால் இவர்களின் பாடு என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். 1955ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, ஐந்தாண்டுக்கு ஒரு முறை கட்டடக் கலைஞர் ஒருவர் தேவாலயத்தை மேலிருந்து கீழ்வரை சோதித்து அறிக்கை கொடுப்பார். அறிக்கையில் வேலைகள் வரிசையாக இருக்கும், செலவுக்கான பணம் மட்டும் இருக்காது. கூரையில் வேய்ந்த ஈயத் தகடுகளை இரவோடு இரவாகத் திருடிச் செல்லும் கும்பல்கள் உண்டு. வௌவால் குடியேறினால் சட்டப்படி அதை விரட்டக் கூடாது, அதன் வழியை அடைக்கவும் கூடாது. எச்சத்தைத் துடைத்துவிட்டுத்தான் வழிபாட்டைத் தொடங்க வேண்டும். ஒரு நீள இருக்கையை அகற்றுவதற்குக் கூட மறைமாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்படும். எழுநூறு ஆண்டுப் பழைய கட்டடத்தில் கழிவறையும் தண்ணீர்க் குழாயும் இருக்குமா? பல இடங்களில் இல்லை. ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் கழிவறையும் சின்னச் சமையல் மேடையும் வந்துவிட்டால் அது ஊர் கொண்டாடும் செய்தி.

சாவி வைத்திருப்பவர் முதல் தேநீர் ஊற்றுபவர் வரை

நுழைவு மண்டபத்துக்குள் போனால் பலகையில் ஒரு தாள் குத்தப்பட்டிருக்கும். யார் எந்த வாரம் பூ வைப்பது, யார் வேத பாடம் வாசிப்பது, யார் பித்தளை துலக்குவது, யார் புல் வெட்டுவது, யார் டீ போடுவது என்று மூன்று மாதத்துக்கு முறை போட்டிருக்கும். உற்றுப் பார்த்தால் ஒரே ஏழெட்டுப் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். சிறிய ஊரில் ஞாயிறு வழிபாட்டுக்கு வருகிறவர்களே பதினைந்து, இருபது பேர்தான், பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். கணக்கு எழுதுகிறவரே ஆர்கன் வாசிப்பார். ஆர்கன் வாசிப்பவருக்கு உடல்நலம் இல்லையென்றால் பாட்டுப் பெட்டியைத் தட்டிவிட்டு எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள்.

பூ வைக்கும் வேலையைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் பெரும்பாலும் பூவே வைப்பதில்லை. ஈஸ்டர் அன்று வெள்ளை லில்லிப் பூக்கள் நிறைந்திருக்கும், பல ஊர்களில் இறந்துபோனவர்களின் நினைவாகக் குடும்பத்தினர் அதற்குப் பணம் கொடுப்பார்கள். கோயிலுக்கு அதிகம் வராத பெண்மணி கூடத் தன் முறை வந்தால் தோட்டத்துப் பூவைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் போவார். இன்னொருவர் செய்த அலங்காரத்தில் கை வைத்தால் வருடக்கணக்கில் பேச்சு நின்றுபோவதும் உண்டு என்று கேலியாகச் சொல்வார்கள். அதில் கேலி பாதிதான்.

பாதிரியார் வராத ஞாயிறுகளில் வழிபாடு நடத்துவதற்கு ரீடர் எனப்படும் பொதுநிலைப் பணியாளர்கள் இருக்கிறார்கள். இந்தப் பொறுப்பு 1866ஆம் ஆண்டில் புத்துயிர் பெற்றது. பிரசங்கம் செய்யலாம், காலை மாலை ஆராதனை நடத்தலாம், ஆனால் திருவிருந்தை நடத்தப் பாதிரியார்தான் வேண்டும். தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் உபதேசியார் செய்யும் வேலைக்கு இது கிட்டத்தட்ட ஒப்பானது. ஊதியம் வாங்காமல் உழைக்கும் பாதிரியார்களும், ஓய்வு பெற்ற பின்னும் அழைத்த இடத்துக்குப் போகும் முதியவர்களும் உண்டு. 1994ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரிஸ்டல் நகரில் முதன்முதலாக 32 பெண்கள் குருத்துவப் பட்டம் பெற்றார்கள். அதன் பிறகு நாட்டுப்புறச் சேகரங்களின் பாரத்தில் பெரும் பங்கைப் பெண் பாதிரியார்கள் சுமக்கிறார்கள். தொடக்கத்தில் அவர்கள் கையால் திருவிருந்து வாங்க மாட்டோம் என்று பக்கத்து ஊருக்குப் போனவர்களும் இருந்தார்கள்.

வழிபாடு முடிந்ததும் பின் வரிசை அருகே தேநீரும் பிஸ்கட்டும். வெளியிலிருந்து பார்ப்பவர் இதை ஒரு சடங்காக நினைக்கலாம். தனியாக வாழும் முதியவருக்கு அந்த வாரத்தில் வேறு ஒருவரோடு உட்கார்ந்து பேசிய ஒரே நேரம் அதுவாக இருக்கக் கூடும். வழக்கமான இடத்தில் ஒருவரைக் காணவில்லை என்றால், மதியத்துக்குள் யாராவது அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிடுவார்கள். பேருந்து ஓடாத ஊர்களில் மருத்துவமனைக்குக் கார் ஓட்டிப் போகவும் இவர்களில் ஒருவர்தான் வருவார். ஐக்கியம் என்று சபையினர் சொல்வது நடைமுறையில் இதுதான்.

மணியடிப்பவர்கள் தனிக் கூட்டம். சாமி கும்பிடாதவர்களும் அதில் தாராளமாக உண்டு. இங்கிலாந்துத் தேவாலய மணி வெறுமனே ஆடுவதில்லை. பெரிய சக்கரத்தில் பொருத்தப்பட்டு, கயிற்றை இழுத்தால் முழு வட்டம் சுற்றும். இப்படி அமைந்த கோபுரங்கள் 5,000க்கும் மேல் உள்ளன. அதில் ராகம் வாசிக்க முடியாது. மணிகள் ஒலிக்கும் வரிசையை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றி மாற்றி அடிப்பார்கள், ஒரு முறை வந்த வரிசை மறுபடி வரக் கூடாது. ஆறு மணிகளுக்கு 720 வரிசைகள், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஏழு மணிகளுக்கு 5,040, ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். எட்டு மணிகளுக்கு 40,320. அதையும் 1963ஆம் ஆண்டில் லஃப்பரோ மணி வார்ப்புக்கூடத்தில் எட்டுப் பேர் சுமார் 18 மணி நேரம் நிற்காமல் அடித்து முடித்தார்கள்.

இதற்கு வாரம் ஒரு மாலை பயிற்சி. பதினான்கு வயதுப் பள்ளி மாணவியும் எண்பது வயது விவசாயியும் ஒரே வட்டத்தில் நின்று கயிறு பிடிப்பார்கள். பயிற்சி முடிந்தால் பெரும்பாலும் எதிரே இருக்கும் மதுக்கடைதான். 1940ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் எதிரிப் படை இறங்கினால் மட்டுமே மணி அடிக்க வேண்டும் என்று அரசாங்கம் தடை போட்டது. 1942 நவம்பரில் எல் அலமைன் வெற்றிக்காக ஒரு நாள் நாடு முழுவதும் மணிகள் ஒலித்தன. தடை 1943இல் நீங்கியது. அந்த நாட்களைப் பற்றிய பேச்சு பல மணிக்கூண்டுகளில் இன்றும் ஓடுகிறது.

அறுவடையும் பெயர்ப்பலகையும்

விவசாயம் செய்யும் குடும்பங்கள் குறைந்துவிட்டாலும் தேவாலயத்தின் ஆண்டு இன்னும் மண்ணை ஒட்டியே நடக்கிறது. ஜனவரியில் ஏரைக் கொண்டுவந்து ஆசீர்வதிக்கும் ஞாயிறு உண்டு. ஈஸ்டருக்குப் பின் வயல்களுக்காக வேண்டிக்கொண்டு சேகரத்தின் எல்லையைச் சுற்றி நடக்கும் வழக்கம் சில ஊர்களில் நீடிக்கிறது. முன்பெல்லாம் எல்லைக் கல்லில் சிறுவர்களை முட்ட வைப்பார்களாம், எல்லை மறக்காமல் இருப்பதற்காக.

இலையுதிர் காலத்து அறுவடை விழாதான் கூட்டம் சேர்க்கும் நாள். இது பழங்காலத்திலிருந்து மாறாமல் வந்ததைப் போலத் தெரியும். ஆனால் இன்றைய வடிவத்தை 1843ஆம் ஆண்டில் கார்ன்வால் கடற்கரையில் மோர்வென்ஸ்டோ என்ற ஊரில் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் என்ற பாதிரியார் தொடக்கி வைத்தார் என்பதே பொதுவான வரலாறு. கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய மாலுமிகளின் உடல்களைத் தேடி எடுத்துத் தம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தவரும் அவரே. விழா அன்று சன்னல் ஓரமெல்லாம் பூசணி, ஆப்பிள், கோதுமைக் கதிர். கதிர்க்கட்டு வடிவில் சுட்ட பெரிய ரொட்டி நடுவில் இருக்கும். இப்போது டின்களில் அடைத்த உணவும் அடுக்கி, பிறகு ஏழைகளுக்கான உணவு வங்கிக்கு அனுப்புகிறார்கள். அன்று இரவோ அடுத்த வாரமோ ஊர் விருந்து. இதே விழா மிஷனரிகள் வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்குப் போய், அங்கே அறுப்பின் பண்டிகையாகி, வாழைத்தாரும் கோழியும் ஏலம் விடும் குதூகலமாக மாறியது. ஏலத்தில் ஒரு பூசணிக்காயை மூன்று முறை வாங்கி மூன்று முறை கோயிலுக்கே கொடுக்கும் தமிழ் வழக்கம் இங்கிலாந்தில் இல்லை. அவர்களுக்கு அது நல்ல யோசனையாகத்தான் இருக்கும்.

நவம்பர் 11ஆம் தேதியை ஒட்டிய ஞாயிறன்று வேறு மாதிரிக் கூட்டம். முதல் உலகப் போரில் இறந்த ஊர்ப் பையன்களின் பெயர்களைச் சுவரில் பதித்த பலகையிலிருந்து ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வரும் ஊர்கள் உண்டு. போன எல்லாரும் உயிரோடு திரும்பிய கிராமங்கள் ஐம்பது சொச்சம்தான். சயாம் மரண இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து போய்த் திரும்பாத பல்லாயிரம் தமிழர்களுக்கு இப்படிப் பெயர் வாசிக்க ஒரு பலகை இல்லை என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. கிராமத்துத் தேவாலயம் பெயர்களைக் காத்த இடம். 1538ஆம் ஆண்டில் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவின்படி ஒவ்வொரு சேகரமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதத் தொடங்கியது. தன் பாட்டனின் பாட்டன் பெயரை ஒரு கூலிக்காரர் தேடிக் கண்டுபிடிக்க முடிவது அதனால்தான்.

மலேசியாவுக்கும் இந்தச் சேகர முறை வந்தது. பினாங்கு செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818ஆம் ஆண்டிலும், தைப்பிங் ஆல் செயிண்ட்ஸ் தேவாலயம் 1886ஆம் ஆண்டிலும் எழுந்தன. முதலில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் என்று இருந்தவை, பின்னர் ஒரே கட்டடத்தில் ஆங்கிலம், தமிழ், சீனம் என நேரம் பிரித்து வழிபடும் இடங்களாயின. 1973ஆம் ஆண்டில் மேற்கு மலேசியாவின் பேராயராக ஜான் சவரிமுத்து பொறுப்பேற்றார்.

இரண்டு பேர் கிடைக்காவிட்டால்

கிராமத்து ஐக்கியத்தை அழகாக மட்டும் காட்டிவிட்டால் அது முழு உண்மையாகாது. 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தின் பழைய ஆங்கிலமே வேண்டும் என்பவர்களும், 2000ஆம் ஆண்டில் வந்த புதிய முறை வேண்டும் என்பவர்களும் காலை எட்டு மணிக்கும் பத்தரை மணிக்குமாகப் பிரிந்து கும்பிடுவதுண்டு. நகரத்திலிருந்து வீடு வாங்கி வந்தவர்கள் பத்து ஆண்டு ஆனாலும் புதியவர்களாகவே இருப்பார்கள். ஆறு ஊர்களை ஒரே பாதிரியாருக்குக் கீழ் சேர்த்தால், ஐந்தாவது ஞாயிறு வரும் மாதத்தில் எல்லாரும் ஓர் ஊரில் கூடச் சொல்வார்கள். தங்கள் ஊரில் நடந்தால் வருவார்கள், பக்கத்து ஊருக்கு இரண்டு மைல் போக மனம் வராது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது போல, ஒரே சபை ஆனாலும் ஊர் வேறு.

இவற்றைவிடப் பெரிய கேள்வி, வசந்த காலக் கூட்டத்தில் வார்டன் பதவிக்கு யாரும் முன்வராதபோது எழுகிறது. கணக்கைப் பார்க்க ஆள் இல்லை, காப்பீட்டுப் பணம் கட்ட வழி இல்லை என்றால் தேவாலயம் நெடுநாள் ஓடாது. சில இடங்களில் வாரந்தோறும் வழிபாடு நடத்துவதை நிறுத்திவிட்டு, கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அறுவடை, திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கு மட்டும் திறக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் பதினைந்து பேர் கோயிலில் நிற்க இடம் இருக்காது என்பதால், அந்தக் கட்டடத்தை விட்டுவிட ஊருக்கு மனம் வருவதில்லை.

ஹெரஃபோர்ட்ஷர் மாவட்டத்தின் யார்ப்போல் கிராமம் வேறு வழியில் போனது. அங்கே மரத்தால் ஆன மணிக்கூண்டு தேவாலயத்தை விட்டுத் தள்ளித் தனியாக நிற்கிறது. ஊரின் கடை மூடப்பட்டபோது கிராமத்தார் சேர்ந்து ஒரு சமூகக் கடையைத் தொடங்கினார்கள். 2009ஆம் ஆண்டில் அந்தக் கடையும் அஞ்சலகமும் தேவாலயத்துக்குள்ளேயே குடிவந்தன. ரொட்டியும் பாலும் வாங்க வருகிறவர், தபால் தலை வாங்க வருகிறவர், காப்பி குடிக்க வருகிறவர் என்று வார நாட்களிலும் ஆள் நடமாட்டம். ஞாயிறு வழிபாடு அதே கூரையின் கீழ் தொடர்கிறது. கோயிலுக்குள் வியாபாரமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். ஆனால் இடைக்காலத்தில் தேவாலயத்தின் நடுக்கூடம் ஊர்க் கூட்டத்துக்கும் விருந்துக்கும் பயன்பட்ட இடம்தான், நீள இருக்கைகள் நிறைந்தது பின்னால் வந்த பழக்கம்.

எதுவுமே கைகூடாத ஊரில் சட்டப்படி அறிவிப்பு ஒட்டி, ஊராரின் ஆட்சேபணைகளைக் கேட்டு, பிறகு தேவாலயத்தை மூடுவார்கள். சில வீடுகளாகின்றன, சில கலைக்கூடங்களாகின்றன. வரலாற்றுச் சிறப்புள்ளவற்றை 1969ஆம் ஆண்டு முதல் ஓர் அறக்கட்டளை ஏற்றுப் பராமரித்து வருகிறது. அதன் கையில் இப்போது 350க்கும் மேற்பட்ட தேவாலயங்கள் இருக்கின்றன. அவற்றில் வாராந்தர வழிபாடு இல்லை, பாதிரியார் இல்லை. அர்ச்சிப்பு மட்டும் நீங்குவதில்லை என்பதால் ஆண்டுக்குச் சில முறை ஊரார் கூடிப் பாடிக்கொள்ளலாம். பூட்டியிருந்தால் சாவி எந்த வீட்டில் கிடைக்கும் என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கும்.